நெல்லி கூர்னோயா பற்றிய கட்டுரைக்குத் துணைநின்றோருக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளின் சட்டமன்றத்தில் 1979 முதல் 1995 வரை உறுப்பினராகவும், அவற்றுள் இறுதி நான்கு ஆண்டுகள் முதல்வராகவும் பணியாற்றிய நெல்லி கூர்னோயா அவர்களின் பின்னணியையும் பணியையும் பற்றி நான் தமிழில் எழுதிய நீள்கட்டுரை, ரொறன்ரோவில் உள்ள எங்கள் வாசிப்பு வட்டத்தில் அண்மையில் அரங்கேறியது. கட்டுரையின் கீழே என் பெயர் மட்டுமே இருக்கிறது. ஆனால் அதில் உள்ள செய்திகளில் பெரும்பாலானவை பிறர் தேடித் தந்தவை, சொல்லித் தந்தவை, திருத்தித் தந்தவை. அவர்களுக்குப் பொதுவில் நன்றி சொல்லாமல் கட்டுரையைப் பரப்புவது முறையாகாது என்பதால் இம்மடலை எழுதுகிறேன். தனிப்பட்டவர்களின் பெயர்களை அவர்களுடைய விருப்பப்படியே தவிர்த்திருக்கிறேன்.

முதல் நன்றி, மெக்கன்சி ஆற்றுக் கழிமுகத்தில் உள்ள அக்லாவிக் என்னும் சிற்றூரைச் சேர்ந்த, இனுவியாலுயிட் எனப்படும் மேற்கு ஆர்க்டிக்கின் இனுயிட் தொல்குடி மூதாட்டிக்கு. கூர்னோயா 1940ஆம் ஆண்டு பிறந்தது அந்த ஊரில்தான். நோர்வேயிலிருந்து வந்து பொறிவைத்து விலங்கு பிடிக்கும் தொழிலில் ஈடுபட்ட தந்தைக்கும், ஹெர்ஷல் தீவைச் சேர்ந்த தாய்க்கும் மகளாகப் பிறந்தவர் அவர். இவ்வளவும் நூல்களிலேயே கிடைக்கும். பொறிகளைச் சுற்றிப் பார்த்து வருவதும், மீனை உலர்த்தி வைப்பதும், ஆற்றில் பனிக்கட்டி உடையும் பருவத்தைக் கணித்து இடம்பெயர்வதுமாகக் கழியும் ஓர் ஆண்டு எப்படிப்பட்டது என்பதை அம்மூதாட்டி தொலைபேசியில் பொறுமையாக விளக்கியிருக்காவிட்டால், அந்தப் பிள்ளைப் பருவத்தை ஒரே வரியில் கடந்திருப்பேன். வெள்ளத்துக்கும் கரையரிப்புக்கும் அஞ்சிய கூட்டாட்சி அரசு, 1950களில் இனுவிக் என்னும் புதிய நகரை அமைத்து மக்களை அங்கே குடிபெயரச் சொன்னபோது, அக்லாவிக் மக்களில் ஒரு பகுதியினர் ஊரை விட்டு நகர மறுத்துவிட்டார்கள். ஒட்டாவாவில் எடுக்கப்படும் முடிவுக்கு உள்ளூரில் மறுப்புச் சொல்லலாம் என்பதை நேரில் கண்டு வளர்ந்த தலைமுறை அது. அந்தத் தலைமுறையை அறியாமல் கூர்னோயாவின் பிற்கால அரசியலை அறிய முடியாது என்பது என் துணிபு.

அவர் சட்டமன்றத்துக்கு வரும் முன் இனுவிக்கில், கனடாவின் பொது ஒலிபரப்பு நிறுவனமான சிபிசியின் வானொலியில் அறிவிப்பாளராகவும் பின்னர் நிலைய மேலாளராகவும் பணியாற்றினார். சாலையே இல்லாத ஊர்களுக்கு வானொலி என்னவாக இருந்தது என்பதையும் அதே மூதாட்டி சொன்னார்: யார் மருத்துவமனையில் இருக்கிறார், எந்த விமானம் தாமதமாகிறது, எங்கே பனிக்கட்டி மெலிந்திருக்கிறது என்பதெல்லாம் அதன் வழியாகவே வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. வாக்குக் கேட்டு ஊருக்கு ஊர் போவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவருடைய குரல் அந்த வீடுகளுக்குள் போயிருந்தது.

இரண்டாவதாக, நில உரிமைச் சட்டங்களைக் கற்பிக்கும் பேராசிரியை ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். கட்டுரையின் நடுப்பகுதி முழுவதையும் அவர் வாசித்துத் திருத்தினார். 1968இல் அலாஸ்காவின் புரூடோ விரிகுடாவில் பெரும் எண்ணெய் வளம் கண்டறியப்பட்டதும், அதற்கு அடுத்துள்ள கனடியக் கடலோரத்தை நோக்கியும் நிறுவனங்கள் விரைந்தன. அங்கு வாழ்ந்த மக்களைக் கேட்காமலே ஆய்வு உரிமங்கள் வழங்கப்பட்டன. 1970ஆம் ஆண்டு இனுவிக்கில் தொடங்கப்பட்ட 'கோப்' என்னும் தொல்குடி உரிமைக் குழு இதற்கு எதிராக எழுந்தது. ஆக்னஸ் செம்லர் அதன் முதல் தலைவராக இருந்தார்; கூர்னோயா நிறுவன உறுப்பினர்களுள் ஒருவர். அக்குழுவின் உழைப்பு 1984 ஜூன் 5 அன்று துக்தோயாக்துக்கில் கையெழுத்தான இனுவியாலுயிட் இறுதி உடன்படிக்கையில் சென்று முடிந்தது. ஏறத்தாழ 91,000 சதுர கிலோமீட்டர் நிலம் ஆறு ஊர்களைச் சேர்ந்த இனுவியாலுயிட் மக்களின் உடைமையாயிற்று. அதில் ஏறத்தாழ 13,000 சதுர கிலோமீட்டரில் மட்டுமே நிலத்தடி வளங்களும் அவர்களுக்கு உரியவை. இந்த வேறுபாட்டைத் தெளிவாக எழுதும்படி பேராசிரியை வற்புறுத்தியது மிகச் சரியானது. வெற்றியின் அளவை மிகைப்படுத்தாமல் எழுதினால்தான், விட்டுக்கொடுத்தவை எவை, எதற்காக விட்டுக்கொடுத்தார்கள் என்பது வாசகருக்குப் புலப்படும். வேட்டைக்காரர் குழுக்களும் அரசும் ஒன்றாக அமர்ந்து வனவிலங்குகளை மேலாண்மை செய்யும் ஏற்பாடும், இன்று இவ்வாவிக் எனப்படும் தேசியப் பூங்காவும் அதே உடன்படிக்கையின் விளைவுகள் என்பதை எனக்கு எடுத்துக்காட்டியவரும் அவரே.

வடமேற்கு நிலப்பகுதிகளின் தலைநகரான யெலோநைஃபில் உள்ள ஆவணக் காப்பகத்தில் பணியாற்றும் இருவர், பழைய அவைப் பதிவேடுகளில் எந்தத் தொகுதியில் எதைத் தேட வேண்டும் என்று வழிகாட்டி, கேட்ட பக்கங்களை மட்டுமல்லாமல் கேட்கத் தெரியாத பக்கங்களையும் படியெடுத்து அனுப்பினார்கள். 1979இல் கூர்னோயா மேற்கு ஆர்க்டிக் தொகுதியிலிருந்து அவைக்குள் நுழைந்தபோது, அந்த அவை முழுவதும் மக்களால் தெரிவுசெய்யப்பட்டதாக மாறி நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. அமைச்சரவைக்குத் தலைமை வகித்தவர் அப்போதும் ஒட்டாவா நியமித்த ஆணையர்தான். 1967 வரை அந்நிலப்பகுதியின் நிருவாகமே ஒட்டாவாவில் இருந்து நடந்தது. அவைக்கெனச் சொந்தக் கட்டடம் திறக்கப்பட்டதும் 1993இல்தான். அப்போது முதல்வர் கூர்னோயா. அதிகாரம் படிப்படியாக வடக்கே நகர்ந்து வந்த அந்த வரலாற்றை, காப்பகத்தார் அனுப்பிய தாள்களை ஆண்டு வரிசையில் அடுக்கியபோதுதான் என்னால் கோவையாக எழுத முடிந்தது.

சட்டமன்றத்தில் பல ஆண்டுகள் உரைபெயர்ப்பாளராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவருக்கு நான் பட்ட கடன் தனியானது. கட்சி அரசியலிலேயே பழகிய நம்மவர்களுக்கு அங்கு நடைபெறும் இணக்க ஆட்சி முறையை விளக்குவது எளிதாக இருக்கவில்லை. அங்கே கட்சிகள் இல்லை. ஒவ்வொருவரும் தனியாளாக நின்று வெல்கிறார்கள். வென்றவர்கள் ஒன்றுகூடி, அவைத் தலைவரையும் முதல்வரையும் அமைச்சர்களையும் இரகசிய வாக்கெடுப்பில் தெரிவுசெய்கிறார்கள். முதல்வர் துறைகளைப் பகிர்ந்தளிக்கலாமே தவிர, அமைச்சர்களைத் தாமாகத் தேர்ந்தெடுக்க முடியாது. இன்றைய அவையில் 19 உறுப்பினர்களுள் முதல்வரையும் சேர்த்து அமைச்சர்கள் 7 பேர் மட்டுமே. ஆகவே அரசு கொண்டுவரும் ஒவ்வொரு மசோதாவுக்கும் அமைச்சரல்லாத உறுப்பினர்களை நேரில் இணங்கச் செய்தாக வேண்டும். அந்த முறையில் 1991 நவம்பரில் முதல்வரானவர், தம் சக உறுப்பினர்களின் நம்பிக்கையை ஒருவர் ஒருவராக வென்றவர் என்பதை அப்பெரியவர் மீண்டும் மீண்டும் நினைவூட்டினார். தொல்குடி மொழிகளில் பேசும் உறுப்பினருக்கும் ஆங்கிலத்தில் கேட்கும் அமைச்சருக்கும் நடுவே அமர்ந்து உழைத்தவர் இந்தப் பெரியவர். 1984இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டம் 1990இல் திருத்தப்பட்டபோது தொல்குடி மொழிகள் ஆட்சிமொழிகளாயின. இன்று அங்கு ஆட்சிமொழிகள் 11. மொழியுரிமைக்காக நெடுங்காலம் குரல்கொடுத்த நம் சமூகத்தினர் அறிய வேண்டிய செய்தி இது என்பதால், கட்டுரையில் இதற்குச் சற்றுக் கூடுதலாகவே இடம் தந்தேன்.

நிலப்படம் வரைந்து தந்த இளைஞருக்கும் நன்றி. கிழக்குப் பகுதி நுனாவுட் என்னும் தனி நிலப்பகுதியாக 1999 ஏப்ரல் 1 அன்று பிரிவதற்கு முன்பிருந்த எல்லைகளை அவர் வரைந்திருக்கிறார். ஏறத்தாழ 34 இலட்சம் சதுர கிலோமீட்டர், அதாவது இந்தியாவைவிடப் பெரிய நிலத்தில் ஏறத்தாழ 60,000 பேரே வாழ்ந்தார்கள் என்பதை அந்தப் படம் ஒரே பார்வையில் காட்டிவிடுகிறது. கூர்னோயாவின் தொகுதி பின்னர் நுனாக்புட் எனப் பெயர்பெற்றது. துக்தோயாக்துக், பாலதுக், சாக்ஸ் ஹார்பர், இன்று உலுக்ஹாக்தோக் எனப்படும் ஹோல்மன் ஆகிய ஊர்கள் அதில் அடங்கும். இனுவிக்கிலிருந்து துக்தோயாக்துக்குக்கு எல்லாப் பருவத்துக்கும் உரிய சாலை 2017இல்தான் திறக்கப்பட்டது; மற்ற ஊர்களுக்கு இன்றும் வானூர்தியும் கோடைக்காலப் படகும்தான் வழி. எரிபொருள் வந்து சேருமா, தாதி இருக்கிறாரா, வீடு பழுதுபார்க்கப்படுமா என்ற கேள்விகளே அத்தகைய தொகுதியின் உறுப்பினருக்கு முதற்பணி.

கனடாவில் ஒரு மாகாணத்துக்கோ நிலப்பகுதிக்கோ தலைமை ஏற்ற முதல் தொல்குடிப் பெண் என்ற சிறப்பு கூர்னோயாவுக்கு உண்டு. அது உண்மை, பெருமைக்குரியதும்கூட. ஆயினும் அந்த ஒரு வரியோடு நிறைவடையும் அறிமுகங்கள் அவருக்கு நீதி செய்யவில்லை என்று எனக்கு உதவியோர் அனைவருமே கருதினார்கள். அவர் முதல்வராக இருந்த ஆண்டுகளில் குவிச்சின், சாஹ்து ஆகிய தொல்குடியினருடனும் நுனாவுட்டின் இனுயிட் மக்களுடனும் செய்துகொண்ட மூன்று நில உடன்படிக்கைகள் 1992க்கும் 1993க்கும் இடையே கையெழுத்தாயின. தாம் ஆளும் நிலத்தில் பாதிக்கும் மேல் தனி ஆட்சியாகப் பிரிந்து செல்வதற்கான ஆயத்தங்கள் நடந்த காலமும் அதுவே. பட்டத்தை விடுத்து இந்தப் பணியைக் கட்டுரையின் மையமாக்கியது அவர்களுடைய அறிவுரையின் பயன்.

யெலோநைஃபில் எனக்குத் தங்க இடமும் குளிருக்கு மேலங்கியும் தந்த தமிழ்க் குடும்பத்தினருக்கும், ஒற்றுப்பிழை முதல் வாக்கியப் பொருத்தம் வரை பார்த்துத் தந்த ஆசிரியருக்கும், வாசிப்பு வட்டத்தில் கூர்மையான கேள்விகளை எழுப்பிய அனைவருக்கும் என் உளமார்ந்த நன்றி.

கட்டுரையின் அச்சுப்படிகளும், அதன் ஆங்கிலச் சுருக்கமும் உதவியவர்கள் ஒவ்வொருவருக்கும் அஞ்சலில் அனுப்பப்படுகின்றன. கூர்னோயா 1996 முதல் 2016 வரை உடன்படிக்கையில் கிடைத்த நிலத்தையும் நிதியையும் மேலாண்மை செய்யும் இனுவியாலுயிட் வட்டாரக் கழகத்தின் தலைவராக ஆற்றிய பணி இந்தக் கட்டுரையில் சுருக்கமாகவே இடம்பெற்றுள்ளது. அதை விரிவாக எழுத இசைந்திருக்கிறேன். அக்லாவிக் மூதாட்டியும் காப்பகத்தாரும் மீண்டும் உதவ முன்வந்திருக்கிறார்கள். அதற்கும் இப்போதே நன்றி.

அன்புடன்,
கட்டுரையாளர்
ரொறன்ரோ