எந்த வௌவால் என்று பார்த்துவிட்டு வெட்டுங்கள்

ஆசிரியருக்கு,

வேலூர் அருகே ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் விடுதி வராண்டாவைக் கறையாக்கும் வௌவால் தொல்லை தாங்காமல், நிபா வைரஸ் பயமும் சேர்ந்துகொள்ள, ஆலமரக் கிளைகளை வெட்டச் சொல்லிக் கோரிக்கை எழுந்திருப்பதாக உங்கள் இதழில் படித்தேன். வெட்டுவது அப்புறம் இருக்கட்டும், அங்கே தொல்லை தருவது எந்த வௌவால் என்று யாராவது பார்த்தார்களா?

ஆலமரத்திலும் புளியமரத்திலும் பகலெல்லாம் கூச்சல் போட்டுக்கொண்டு கூட்டமாகத் தொங்குவது பெரிய பழந்தின்னி வௌவால். இறக்கையை விரித்தால் நாலடி இருக்கும், யாருக்கும் தெரியும். விடுதி வராண்டாவைக் கறையாக்குவது பெரும்பாலும் அது இல்லை. நெட்டிலிங்க மரத்து இலைகளுக்குள் சிறு கூட்டமாகச் சத்தம் காட்டாமல் ஒளிந்திருக்கும் குட்டைமூக்கு வௌவால்தான். பாதாம் பழத்தையோ கொய்யாவையோ பறித்த இடத்தில் அது தின்னாது. ஒதுக்குப்புறமாகத் தூக்கிப்போய், சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையைத் துப்பிவிடும். காலையில் தரையில் கிடக்கும் நார் உருண்டைகள் அவைதான். ஆலமரத்தை மொட்டையடித்தாலும் வராண்டா இப்படியேதான் இருக்கும்.

அந்தியில் விளக்குக் கம்பத்தைச் சுற்றிச் சட்டென்று திரும்பித் திரும்பிப் பறக்கும் பொடி வௌவால் பழத்தைத் தொடாது, பூச்சிதான் அதற்கு ஆகாரம். பகலில் சுவர் விரிசலில் அடைந்து கிடக்கும். அதன் எச்சம் பார்க்க அசல் எலிப்புழுக்கை. காய்ந்ததைக் குச்சியால் நசுக்கினால் தூளாக உதிர்ந்து, பூச்சி ஓட்டுத் துணுக்குகள் மினுங்கும். எலிப்புழுக்கை அப்படி உதிராது. எலி மருந்து வைத்தும் பலனில்லை என்று புலம்புகிறவர்கள் முகத்தில் துணி கட்டிக்கொண்டு இதைச் செய்து பார்க்கலாம். பூட்டிக் கிடந்த பழைய அறையில் தவளைக் காலும் பல்லி வாலும் சிதறிக் கிடந்தால் செய்வினை என்று பயந்து பூசாரியைத் தேட வேண்டாம். பெரிய காதுள்ள ஊனுண்ணி வௌவால் சாப்பிட்ட மிச்சமாக இருக்கும்.

நிபா பயத்தை நான் கேலி செய்யவில்லை. 2018இல் கோழிக்கோட்டில் நிபா பரவிப் பலர் இறந்ததை மறக்க முடியாது, பழந்தின்னிகளிடம் அந்த வைரஸ் இருப்பதும் உண்மை. அதற்காகத்தான் வௌவால் கடித்த பழத்தைத் தின்னக்கூடாது, விழுந்து கிடப்பதை வெறுங்கையால் எடுக்கக்கூடாது என்கிறோம். வௌவால் ஆளைக் கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பு போட்டு நன்றாகக் கழுவிவிட்டு உடனே வெறிநாய்க்கடி ஊசிக்குப் போக வேண்டும். கூட்டத்தைக் கலைப்பதால் ஆவது ஒன்றுமில்லை, அடுத்த தெரு மரத்தில் போய்த் தொங்கும்.

1972ஆம் வருட வன உயிரினச் சட்டம் பழந்தின்னிகளை எலி, காகத்தோடு சேர்த்து, கொன்றாலும் குற்றமில்லை என்ற தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்தது. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். எனவே ஒப்பந்தக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் வனத்துறையிடம் கேட்பது நல்லது.

இன்னொன்று, கத்திரி வெயிலில் கிளை வெட்டவே கூடாது. வேலூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. 42 டிகிரியைத் தாண்டினால் இறக்கையால் விசிறியும் தாக்குப்பிடிக்காமல் பழந்தின்னிகள் செத்து விழும். அந்த நேரத்தில் தாய்களின் மார்பில் குட்டிகளும் ஒட்டிக்கொண்டிருக்கும். வளாகத்தில் விலங்கியல் துறை இருக்கிறதல்லவா? எந்த மரத்தில் எந்த வகை என்று அந்த மாணவர்களைக் கொண்டே முதலில் கணக்கெடுக்கச் சொல்லட்டும்.

— ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், காட்பாடி