தரவுத்தள சேர்வர் மந்தமானால் முதலில் பார்க்க வேண்டியவை

குழு உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கடைகளின் விற்பனைப் பதிவுகள் பெருகும் என்பதால், மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருள் ஓடும் சேர்வர்களைப் பராமரிப்போர் அவற்றை இப்போதே பரிசோதித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இணைப்புகள் மிகுந்துவிட்டன என்ற பிழை வந்தவுடன் 151 என்ற இயல்பு வரம்பை உயர்த்துவது பலரது வழக்கம். ஆனால் ஒரு வினவல் (தரவுத்தளத்துக்கு இடும் கட்டளை) அட்டவணையைப் பூட்டி வைத்திருக்க, மற்றவை அதன் பின்னால் காத்து நிற்பதே பல வேளைகளில் காரணமாக இருப்பதால், ‘ஷோ ஃபுல் பிராசஸ்லிஸ்ட்’ கட்டளையை இட்டு நெடுநேரம் ஓடும் வினவலை முதலில் கண்டறியுங்கள். வரம்பு நிறைந்தாலும் நிர்வாகிக்கென ஓர் இணைப்பு மேலதிகமாக உண்டு. மென்பொருளின் கணக்குக்கும் நிர்வாகி உரிமையைக் கொடுத்திருந்தால் (கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்) அந்த இணைப்பையும் மென்பொருளே எடுத்துக்கொள்ளும்.

மந்தமான வினவல்களின் பதிவேடு இயல்பில் நிறுத்தப்பட்டே இருக்கும். அதன் எல்லையும் 10 விநாடி (அதைத் தாண்டும் வினவல்களே பதிவாகும்) என்பதால், இயக்கும்போது 1 விநாடியாகக் குறைத்துவிடுங்கள். அதில் அகப்படும் வினவலை, அது ஓடும் முறையைக் காட்டும் ‘எக்ஸ்பிளெய்ன்’ கட்டளை மூலம் பார்க்கையில் ‘டைப்’ நிரலில் (நெடுவரிசையில்) ‘ஆல்’ என்றிருந்தால், அட்டவணை முழுவதும் வாசிக்கப்படுகிறது. திகதி நிரலை ‘டேட்’ சார்புக்குள் இட்டுத் தேடினால், அந்நிரலுக்குத் தேடலை விரைவாக்கும் இன்டெக்ஸ் இருந்தும் பயன்படாது. அதற்குப் பதிலாக, தேடலைத் தொடக்க, முடிவுத் திகதிகளுக்கு இடைப்பட்டதாக எழுதுங்கள்.

வன்தட்டு நிரம்பினால், தரவு மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பைனரி லாக் கோப்புகளைக் கையால் அழிக்காமல், ‘பர்ஜ் பைனரி லாக்ஸ்’ கட்டளையையே பயன்படுத்துங்கள். 8ஆம் பதிப்பு அவற்றை இயல்பாக 30 நாள் வைத்திருக்கும்.

உதவி கேட்போர் பதிப்பெண்ணையும் ‘எக்ஸ்பிளெய்ன்’ விடையையும், வாடிக்கையாளர் விபரங்களை மறைத்து, இங்கே பதிவிடவும்.