சொல்லிட்டு ஓட்டு கேக்குறவன்தான் தலைவன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர், ஜனங்க கேக்குறதை அப்படியே செய்றவன்தான் தலைவன், மத்ததெல்லாம் திமிருன்னு எழுதியிருந்தாரு. கைதட்டல் வாங்குற டயலாக்தான், ஆனா பாதிதான் சரின்னு எனக்குத் தோணுது.

1981ல பிரான்ஸ்ல மித்தரான் ஜனாதிபதி தேர்தல்ல நிக்கிறாரு. மரண தண்டனை இருக்கட்டும்னுதான் அங்க பெரும்பாலான ஜனங்க அப்போ நெனச்சாங்க, ஆனா மனுஷன் ஓட்டுப்பதிவுக்கு ரெண்டு மாசம்கூட இல்லாத நேரத்துல டிவியில உக்காந்துக்கிட்டு, நான் அதுக்கு எதிரி, உங்கள்ல பல பேருக்குப் பிடிக்காதுன்னு தெரிஞ்சேதான் சொல்றேன்ங்கிற மாதிரி போட்டு உடைச்சாரு. நம்ம ஆளுங்களா இருந்தா கமிட்டி போட்டு முடிவெடுப்போம்னு மழுப்பியிருப்பாங்க! மே மாசம் ஜெயிச்சாரு, அக்டோபர்ல தண்டனையையே ஒழிச்சாரு. யாரையும் ஏமாத்தல பாருங்க.

இன்னொரு பக்கம் பிரிட்டன்ல அப்போ பிரதமரா இருந்த கேமரூன். ஐரோப்பிய யூனியன்ல இருக்கணும்னு நெனைக்கிறவரு, கட்சிக்குள்ள குடைச்சல் தாங்காம 2016ல ஜனங்களே சொல்லட்டும்னு விட்டாரு. 52க்கு 48ன்னு வெளிய போறதுன்னு ஆச்சு, மறுநாள் காலையிலயே வீட்டு வாசல்ல வந்து நின்னு ராஜினாமான்னுட்டாரு. ஓட்டுச் சீட்டுல கேட்டது இருக்கணுமா போகணுமான்னு ஒரே கேள்வி, எப்படிப் போறது, அயர்லாந்து எல்லை என்ன ஆகும், வியாபாரம் என்ன ஆகும் எதுவும் அதுல இல்ல, அப்புறம் அந்த 52க்கு ஆளாளுக்கு ஒரு அர்த்தம் சொல்லி, நடுவுல அவருக்கு அப்புறம் பிரதமரான தெரசா மே பதவியும் போயி, வெளிய வர 2020 ஜனவரி ஆயிடுச்சு. ஜனங்க மேல பாரத்தைப் போடுறது வேற, ஜனங்களை மதிக்கிறது வேற.

அதுக்காக தலைவருக்குத்தான் எல்லாம் தெரியும்னும் நான் சொல்ல வரல. உலகப்போர்ல ஜெயிச்சுக் குடுத்த சர்ச்சிலையே 1945 தேர்தல்ல பிரிட்டன் ஜனங்க வீட்டுக்கு அனுப்பினாங்க, போருக்கு நீ சரி, வீடு வேலை ஆஸ்பத்திரிக்கு வேற ஆள் வேணும்னு. அவரும் பதவியை விட்டுப் போயிட்டாரு.

அந்த வாசகர்கிட்ட ஒண்ணு கேக்கணும். 1959ல சுவிட்சர்லாந்துல பொம்பளைங்களுக்கு ஓட்டுரிமை குடுக்கலாமான்னு ஓட்டெடுப்பு வெச்சாங்க, ஓட்டுப் போட்டது பூரா ஆம்பளைங்க, மூணுல ரெண்டு பங்கு வேணாம்னுட்டாங்க. 1971ல அதே ஆம்பளைங்கள்ல மூணுல ரெண்டு பங்கு சரின்னாங்க. நடுவுல இருந்த 12 வருஷத்துல அந்த வாசகர் அங்க தலைவரா இருந்திருந்தா எந்த ஜனங்க பேச்சைக் கேட்டிருப்பாரு?

இப்படிக்கு,
உங்க நெடுநாள் வாசகன்