நின்று பார்த்தவர்களுக்கு

அன்புள்ள உங்கள் எல்லோருக்கும்,

அப்பா போய் இருபது நாள் ஆகிறது. அன்றைக்கு வந்தவர்களிடமெல்லாம் தலையை ஆட்டினேனே தவிர, ஒரு வார்த்தை ஒழுங்காகப் பேசவில்லை. தனித்தனியாகச் சொல்ல வேண்டிய நன்றிதான் இது. உங்களில் சிலருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது என்பதால் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் ராத்திரி டியூட்டி சிஸ்டருக்கு. உங்களிடம் வரும் முன்பே வேறோர் இடத்தில் "இனிமேல் செய்ய ஒன்றுமில்லை" என்று கேட்டுவிட்டு வந்திருந்தோம். அந்த மருத்துவர் அதை நடந்துகொண்டே சொன்னார். நான் பின்னால் ஓடிக்கொண்டே கேட்டேன். நீங்கள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அப்பாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தீர்கள். "எங்கே வலிக்குது, எப்போ அதிகமாகுது?" என்று என்னை விட்டுவிட்டு அவரிடமே கேட்டீர்கள். மூச்சு வாங்கி வாங்கி அவர் பதில் சொல்ல நேரமானது. நீங்கள் இடையில் எடுத்துக் கொடுக்கவில்லை. அத்தனை வாரங்களில் அவர் ஒரு விஷயத்தை முழுதாகச் சொல்லி முடித்தது அன்றைக்குத்தான்.

செய்ய எவ்வளவோ இருந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைப்பது, முழங்கால்களுக்கு நடுவே தலையணை கொடுப்பது, உதடு காயும்போது ஈரப் பஞ்சால் துடைப்பது, வலி வரட்டும் என்று காத்திராமல் நேரம் பார்த்து மருந்து தருவது, எல்லாம் என் கையைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தீர்கள். கடைசிவரை அப்பாவுக்குப் படுக்கைப் புண் வரவில்லை.

சிசிலி சாண்டர்ஸ் பற்றியும் நீங்கள் சொல்லித்தான் தெரியும். நர்ஸாக இருந்து, சமூகப் பணியாளராகி, பிறகு மருத்துவமும் படித்து, 1967இல் லண்டனில், இறுதிக் கட்டத்தில் இருப்பவர்களைப் பராமரிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கியவர். சாவை நெருங்கியவரின் வலியில் உடம்போடு மனசு, குடும்பக் கவலை, 'எதற்காக வாழ்ந்தோம்' என்ற கேள்வி எல்லாம் சேர்ந்திருக்கிறது, அதுதான் 'முழு வலி' என்றவர். அப்பாவின் மருந்துக்கு அடங்காத வலி எது என்று கண்டுபிடித்தவர் நீங்கள். தம்பியோடு பேசாமல் இருந்த பதினோரு வருஷம். சித்தப்பாவுக்குப் போன் போட்டு அப்பாவின் காதில் வைத்ததும் நீங்கள்தான்.

தரை துடைக்க வரும் அக்கா, மற்றவர்களுக்கு அப்பா 17ஆம் நம்பர் கட்டில். நீங்கள் மட்டும் முதல் நாளே "என்ன வேலை பார்த்தீங்க?" என்று விசாரித்து, அன்றிலிருந்து "கணக்கு வாத்தியாரய்யா" என்றே கூப்பிட்டீர்கள். ஒரு நாள் உங்கள் பையனுக்குப் புரியாத பின்னக் கணக்கைத் தாளில் எழுதி எடுத்து வந்தீர்கள். கை நடுங்க நடுங்க அப்பா அதைப் போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி அவர் முகத்தில் இருந்த தெளிவை மறக்க முடியாது. எல்லோரும் அவருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும் என்று உங்களுக்குத்தான் தோன்றியது.

அப்புறம், என் தோழிக்கு. "எது வேண்டுமானாலும் சொல்லு" என்று நிறைய பேர் மனசாரச் சொன்னார்கள். அந்த நிலைமையில் என்ன வேண்டும் என்று யோசித்துச் சொல்வதே பெரிய வேலையாக இருந்தது. நீ கேட்கவில்லை. ஒரு வியாழக்கிழமை ராத்திரி வந்து, "நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்" என்றாய். பிறகு ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. அழுதுகொண்டே வந்து, நான் தேற்றி அனுப்ப வேண்டியிருந்த உறவினர்களும் உண்டு. அவர்கள் அன்பில் எந்தக் குறையும் இல்லை. அடுத்தவர் வலியை அப்படியே உள்ளே வாங்கிக்கொள்வதும், அவருக்கு நல்லது நடக்கட்டும் என்று பரிவோடு நினைப்பதும் மூளையில் வெவ்வேறு பகுதிகளைத் தூண்டுகின்றன என்று டானியா சிங்கர் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் கண்டறிந்திருக்கிறார்கள். முதலாவது ஆளைத் துவள வைக்கிறது, இரண்டாவது தெம்பு தருகிறது. நீ தெம்போடு வந்தாய். எனக்கு அதுதான் தேவைப்பட்டது.

நடந்துகொண்டே பேசிய மருத்துவர்மேல் ரொம்ப நாள் கோபம் இருந்தது. அப்பா தூங்கிய ஒரு ராத்திரியில், டார்லி, பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் நடத்தி 1973இல் வெளியிட்ட சோதனையைப் படித்தேன். சமயப் பணிக்குப் படிக்கும் மாணவர்களை ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுவார். நேரம் இருக்கிறது என்று நினைத்துப் போனவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். அந்த மருத்துவருக்கு அன்று எத்தனை பேர் காத்திருந்தார்களோ. நானும் அவசரத்தில் எத்தனையோ பேரைத் தாண்டிப் போயிருக்கிறேன். ஆனால் சிஸ்டர், உங்களுக்கும் அன்று வார்டு நிறைய ஆட்கள். அந்த நாற்காலியை நினைக்க நினைக்க என் மனம் நெகிழ்கிறது.

பழந்தமிழில் கண்ணோட்டம் என்றால் இரக்கம். கண் ஒருவர்மேல் ஓடிச் சென்று தங்குவது. இன்று அந்தச் சொல்லைப் 'பார்க்கும் கோணம்' என்ற அர்த்தத்தில்தான் புழங்குகிறோம். எனக்கு அதில் வருத்தம் உண்டு. இந்த மாதங்களில் நான் உங்களிடம் கண்டது அந்தப் பழைய அர்த்தத்தைத்தான்.

கடைசியாக, பக்கத்துக் கட்டில் ஐயாவின் மனைவிக்கு. அப்பா போன விடியற்காலையில் உங்கள் கணவருக்கும் நிலைமை சரியில்லை. அப்படியும் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். ஒன்றும் பேசாமல் என் முதுகில் கையை வைத்திருந்தீர்கள். கிளம்பும்போது உங்கள் வெந்நீர் பிளாஸ்க்கை என் பையில் வைத்துவிட்டீர்கள். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. ஐயா இப்போதும் அதே வார்டில்தான் என்று சிஸ்டர் சொன்னார். வருகிற வியாழன் ராத்திரி எடுத்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் தூங்குங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
கணக்கு வாத்தியாரின் மகள்