பரிவட்டம் கட்டும் முன் பாக்கியைக் கேளுங்கள்: ஆலய நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கும்பாபிஷேக அழைப்பிதழ் கிடைத்தது. புதிய கல்யாண மண்டபத்துக்கு யார் பெயர் வைக்கப்போகிறீர்கள், அன்று காலை யாருக்குப் பரிவட்டம் கட்டிப் பூரண கும்ப மரியாதை செய்யப்போகிறீர்கள் என்பதெல்லாம் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது. டத்தோ பட்டம் பெற்ற அந்தத் துப்புரவு நிறுவன முதலாளியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும். மலேசியாவின் பினாங்கில், பிறை, பட்டர்வொர்த் பக்கம் துப்புரவு வேலைக்குப் போகும் நம் பெண்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

தம்மிடம் வேலை செய்வோரின் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த சேமநிதிப் பணத்தை அவர் கட்டாமல் இருப்பதைப் பற்றி ஏற்கெனவே அலுவலகத்துக்கு வந்து பேசினேன். செயலாளர் ஐயா பொறுமையாகக் கேட்டார். அதற்கு நன்றி. ஆனால் அவர் சொன்ன பதில்கள் இரண்டு. "பணம் எங்கிருந்து வந்தா என்னங்க, சாமிக்குத்தானே போகுது" என்பது ஒன்று. "அவருக்கு இருக்கிற சொத்துக்கு, கூட்டித் துடைக்கிறவங்களோட நூத்தி எண்பத்தேழு வெள்ளிக்கா ஆசைப்படப் போறாரு?" என்பது மற்றொன்று. முதல் பதிலைக் கேட்டு வருத்தப்பட்டேன். இரண்டாவது பதில் என்னைத் தூங்கவிடவில்லை.

நான் கேட்பது இதுதான். தொழிலாளர்களின் இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பாக்கி முழுவதும் கட்டப்படும்வரை அவருக்குப் பரிவட்டம் வேண்டாம். மண்டபத்தில் அவர் பெயரைப் பொறிக்க வேண்டாம்.

எங்கள் அடுக்குமாடியில் குடியிருக்கும் ஓர் அக்கா அவருடைய நிறுவனத்தில்தான் வேலை செய்கிறார். அரசாங்கக் கட்டடம் ஒன்றில் கழிவறை கழுவும் வேலை. ஒப்பந்தம் ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போதெல்லாம் இவர்களுக்குச் சட்டையின் நிறம் மாறும். வாளியும் துடைப்பமும் அப்படியே இருக்கும். பழைய சேவைக் காலம் அழிந்து, மறுபடியும் புது ஆளாகக் கைநாட்டு வைத்துச் சேர வேண்டும். அதைக்கூட அக்கா ஒரு குறையாகச் சொன்னதில்லை. 2024 மே மாதம் இபிஎஃப்பில் மூன்றாவதாக ஒரு கணக்கு திறந்தார்கள் அல்லவா, அவசரத்துக்கு எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று? பேரன் பள்ளிக்கூடச் செலவுக்கு அதிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுங்கள் என்று கைப்பேசியை என்னிடம் கொண்டுவந்தார். வாழ்நாள் முழுக்கக் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான் என்பதால் இப்படி அடிக்கடி யாராவது வருவார்கள்.

சம்பளச் சீட்டுகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் மாத வரிசைப்படி அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு சீட்டிலும் அடிப்படைச் சம்பளம் 1,700.00 வெள்ளி (ரிங்கிட்). அதற்குக் கீழே கழிவு, கே.டபிள்யூ.எஸ்.பி. (இபிஎஃப்பின் மலாய்ப் பெயர்) 187.00. பதினொரு விழுக்காட்டை ஒரு சென் குறையாமல் பிடித்திருக்கிறார்கள். முதலாளி தம் பங்காக 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி சேர்த்து, அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் 408 வெள்ளியை வாரியத்தில் கட்டியிருக்க வேண்டும். கைப்பேசியில் பார்த்தால் மார்ச் மாதத்துக்குப் பிறகு எதுவுமே ஏறவில்லை. நானும் மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "லைன் சரியில்ல போல. நாளைக்குப் பாப்போமா?" என்றார்.

லைன் நன்றாகத்தான் இருந்தது. அதை எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

அந்த மூன்றாவது கணக்குக்கு மாதம் போக வேண்டியது ஏறக்குறைய நாற்பது வெள்ளி. பேரனுக்குக் காலணி வாங்க அவர் நம்பியிருந்தது அதைத்தான். மிச்சம் முழுவதும் அவருடைய முதுமைக்கான பணம். 2024-ஆம் ஆண்டுக்கு இபிஎஃப் 6.30 விழுக்காடு லாப ஈவு அறிவித்தது. கட்டாத பணத்துக்கு ஈவு எங்கிருந்து வரும்? தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்ததை வாரியத்தில் கட்டாமல் வைத்துக்கொள்வது 1991-ஆம் ஆண்டு ஊழியர் சேமநிதிச் சட்டப்படி குற்றம். ஆறு ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இதைச் சாதாரணத் தாமதமாகச் சட்டமே பார்க்கவில்லை. நீங்கள் மட்டும் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்?

செயலாளர் ஐயாவின் இரண்டாவது பதிலுக்கு வருகிறேன். இவ்வளவு பணம் இருப்பவர் இவ்வளவு சின்னத் தொகைக்கு ஆசைப்படுவாரா என்கிறார். ஐயா, 187 வெள்ளி என்பது அக்காவின் கணக்கு. முதலாளியின் கணக்கு வேறு. அவரிடம் நூறு பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 408 என்றால் மாதம் 40,800 வெள்ளி. ஓர் ஆண்டுக்கு 4,89,600. மண்டபத்துக்கு அவர் கொடுத்த நன்கொடை இதைவிடக் குறைவு என்பது பொருளாளருக்குத் தெரியும். கொடுத்த பணம் அதுதான் என்று நான் சாதிக்கவில்லை. ஆனால் அதுவல்ல என்று உங்களாலும் சொல்ல முடியாது.

வயிறு நிறைந்தவன் அடுத்தவன் சோற்றில் கை வைக்க மாட்டான் என்று நாம் நம்புகிறோம். நாட்டில் நடந்தது அப்படியா இருந்தது? அரசாங்க நிறுவனமான எஸ்ஆர்சி இன்டர்நேஷனலின் 42 மில்லியன் வெள்ளி தொடர்பான வழக்கில் 2020 ஜூலையில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மேல்முறையீடெல்லாம் முடிந்து 2022 ஆகஸ்டில் சிறைக்குப் போன முன்னாள் பிரதமர் நஜிப், இல்லாத வீட்டில் பிறந்தவரா? நாட்டின் இரண்டாவது பிரதமரின் மூத்த மகன். 1எம்டிபி என்ற அரசாங்க முதலீட்டு நிதியிலிருந்து 450 கோடி அமெரிக்க டாலருக்கு மேல் வெளியே போனதாக அமெரிக்க நீதித்துறை சொன்னது. அந்த விவகாரத்தில் தேடப்படும் ஜோ லோ நம் பினாங்கில் பிறந்தவர். வசதியான குடும்பம். இல்லாமை இவர்களில் யாரையும் துரத்தவில்லை.

அதே விவகாரத்தில் இன்னொன்றும் நடந்தது. ஹாலிவுட் நடிகர் லியோனார்டோ டிகாப்ரியோவுக்கு ஒரு பிக்காசோ ஓவியமும், மார்லன் பிராண்டோ வாங்கிய ஆஸ்கர் சிலையும் பரிசாகப் போயிருந்தன. வந்த வழி சரியில்லை என்று தெரிந்ததும் 2017-இல் அவற்றை அமெரிக்க அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். ஒரு சினிமா நடிகர் செய்ததை ஓர் ஆலயம் செய்யக் கூடாதா?

பணம் வந்தாலே மனிதன் கெட்டுவிடுவான் என்று நான் நினைக்கவில்லை. மலேசிய இந்தியர் காங்கிரஸின் (ம.இ.கா.) தலைவராக இருந்த துன் சம்பந்தன் தோட்டச் சொத்துள்ள குடும்பத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, நம் ஆட்கள் லயத்து வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்ட காலத்தில், 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், நாமே தோட்டம் வாங்குவோம் என்று கேட்டார். வாங்கியும் காட்டினார். குடும்பச் சொத்தைப் பெருக்காமல் கரைத்துவிட்டுப் போனவர் என்றுதான் பெரியவர்கள் இன்றும் அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். அவரிடமும் பணம் இருந்தது. அவர் ஒவ்வொரு பத்து வெள்ளிக்கும் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தம்மை நிறுத்திக்கொண்டார்.

பணம் கூடக்கூட, ஒருவரைப் பார்த்து 'ஏன்?' என்று கேட்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். கேட்டால் வேலை போகும் என்று கணக்கர் கேட்பதில்லை. மேற்பார்வையாளர் கேட்பதில்லை. கட்சிக்காரர்களுக்கு விருந்து வேண்டும். கடைசியில் மிஞ்சுவது கோயில். அங்கேயும் மாலையோடு வாசலில் காத்திருந்தால், தாம் செய்வது தப்பு என்று அவருக்கு யார் சொல்வது? அக்காவா சொல்வார்?

நம் சமூகம் கேள்வி கேட்காமல் இழந்தது போதாதா? 1982-இல் ம.இ.கா. இந்தியர்களுக்கென மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தைத் தொடங்கியபோது தோட்டத்துச் சனங்கள் தாலிச் சங்கிலியைக்கூட அடகு வைத்துப் பங்கு வாங்கினார்கள். சுமார் 66,000 பேர். 2010-இல் ஒரு வெள்ளிப் பங்குக்கு 80 சென் தருவதாக அறிவிப்பு வந்தபோது, போட்ட முதல்கூட முழுசாக இல்லை. இருபத்தெட்டு ஆண்டு! அந்தக் காலமெல்லாம் மேடையில் மாலை மரியாதைக்குக் குறைவிருந்ததா? இன்றைக்கும் திருவிழா என்றால் டத்தோக்களுக்குத் தனி வரிசை, கயிறு கட்டிய நாற்காலி. அதிகாலையிலிருந்து பால்குடம் தூக்கி வந்தவள் வெயிலில் நிற்கிறாள். யாருடைய கோயில் இது?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். உங்கள் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. திருப்பணிக்காக நீங்கள் வீடு வீடாக ஏறி இறங்கியதைப் பார்த்தவன். அந்த நன்கொடைப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் அக்காவின் பெயரும் இருக்கிறது, ஐம்பது வெள்ளி. தைப்பூசத்தன்று வெள்ளி ரதத்துக்கு முன்னால் தெருவெல்லாம் தேங்காய் உடைக்கிறோமே, அதெல்லாம் அவரவர் காசில் வாங்கியது. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைப்பதை நம் பெரியவர்கள் ஒருநாளும் பக்தி என்று சொன்னதில்லை.

எனவே மீண்டும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். பாக்கி தீரும்வரை பரிவட்டம் வேண்டாம், பெயர்ப் பலகை வேண்டாம். கும்பாபிஷேகத்துக்கு முன் அவரை அழைத்து, மார்ச் மாதத்துக்குப் பிறகு இபிஎஃப் கட்டிய ரசீதுகளைக் காட்டச் சொல்லுங்கள். காட்டிவிட்டால் எல்லார் முன்னிலையிலும் நானே அவருக்கு மாலை போடுகிறேன். இல்லையென்றால் அவர் கொடுத்த தொகையைத் திருப்பிக் கொடுத்து, முதலில் தொழிலாளர் கணக்கில் கட்டச் சொல்லுங்கள். மண்டபத்துக்குத் துண்டு விழுந்தால் நாங்கள் உறுப்பினர்கள் இருக்கிறோம். தளம் போடுவது ஆறு மாதம் தள்ளிப் போனால் போகட்டும்.

வாரியத்தில் புகார் கொடுக்கலாமே என்று நீங்கள் சொல்லக்கூடும். கொடுக்கத்தான் போகிறோம். வழக்குப் போடுவது அவர்கள் வேலை. பரிவட்டம் யாருக்கு என்று முடிவு செய்வது உங்கள் கையில் இருக்கிறது.

அக்காவும் அவரோடு வேலை செய்யும் சிலரும் சம்பளச் சீட்டுகளின் நகலோடு உங்களைப் பார்க்க வரச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஓய்வு. எந்த ஞாயிறு, எத்தனை மணிக்கு வரலாம் என்று தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
ஆலயத்தின் ஆயுள் உறுப்பினர் ஒருவர்,
பட்டர்வொர்த்