குழந்தைகளுக்கான மருந்து அளவு அட்டை எல்லா அவசரப் பிரிவிலும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அவசரப் பிரிவில் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். இதயம் நின்றுபோன பெரியவருக்கு இதயத்தைத் தூண்டும் அட்ரினலின் மருந்து என்றால் 1 மில்லிகிராம் ஆம்பூலை (சின்னக் கண்ணாடிக் குப்பியை) உடைத்து முழுதாகப் போட்டுவிடலாம். குழந்தைக்கு அப்படி முடியாது, அந்த ஆம்பூலில் இருக்கும் 1 மில்லிலிட்டர் (மில்லி) மருந்தோடு 9 மில்லி சலைன் கலந்து அதிலிருந்து கிலோவுக்கு 0.1 மில்லி எடுக்க வேண்டும். நடுராத்திரியில், அம்மா வாசலில் கதறிக்கொண்டிருக்கும்போது, இந்தக் கணக்கை மனசுக்குள் போடச் சொன்னால் புள்ளி ஒரு இடம் தள்ளிப்போக எவ்வளவு நேரம் ஆகும்? பத்து மடங்கு மருந்து உள்ளே போய்விடும்.

குழந்தையின் நீளத்தை அளந்து எடையையும் மருந்து அளவையும் நிற வாரியாகக் காட்டும் பிராஸ்லோ டேப் இருக்கிறது, நல்ல சாதனம்தான். ஆனால் நம் பிள்ளைகள் ஒல்லி. 10 கிலோவுக்கு மேல் அது எடையைக் கூட்டிக் காட்டுகிறது என்று இந்தியக் குழந்தைகளிடம் செய்த ஆய்விலேயே தெரிந்திருக்கிறது. அதனால் முடிந்தவரை தராசில் எடை பார்ப்பதே நல்லது.

எங்கள் தலைமை நர்ஸ் 3 கிலோ முதல் 30 கிலோ வரை ஒவ்வொரு எடைக்கும் எத்தனை மில்லி என்று கையால் எழுதி, லேமினேட் செய்து, மருந்து டிராலியில் கட்டித் தொங்கவிட்டார். 10 கிலோவா, 1 மில்லி, அவ்வளவுதான். கணக்கே வேண்டாம், சத்தமாக வாசித்து இன்னொருவர் சரிபார்த்தால் போதும்.

இப்படி ஒரு அட்டையை, மில்லிகிராமில் இல்லாமல் மில்லியில், சுகாதாரத் துறையே அச்சடித்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர், மதுரை மாவட்டம்