அவசரத்துக்கும் ஒரு விலை வையுங்கள்: மொரீசியஸ் தமிழ் வணிகப் பெருமக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெருமக்களுக்கு வணக்கம்.

பல்பொருள் அங்காடி, காப்புறுதி, கார் விற்பனை, வீட்டுமனை என்று மொரீசியசில் நீங்கள் நடத்தும் தொழில்களுக்கு விளம்பரம் வரைந்து தருகிறவர்களில் நானும் ஒருத்தி. நாம் நேரில் சந்தித்ததில்லை. உங்கள் விருப்பம் உங்கள் விளம்பர அலுவலரிடமிருந்து எங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பொறுப்பாளருக்கும், அவரிடமிருந்து ஆர்ட் டைரக்டருக்கும் போய், கடைசியில் என் மேசைக்கு வரும். வழியில் ஒவ்வொருவரும் இரண்டு நாள் வைத்துக்கொள்வார்கள். என்னிடம் வரும்போது நாள் எதுவும் மிச்சமிருக்காது. அதனால்தான் அந்த மூவரையும் தாண்டி உங்களுக்கே எழுதுகிறேன்.

வேலை அதிகம் என்று முறையிட வரவில்லை. அது வரும் விதத்தைப் பற்றித்தான் பேச்சு. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் எபேனில் இருக்கும் அலுவலகத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். பழைய கோப்புகளை அடுக்குவோம், எழுத்துருக்களைப் பிரித்து வைப்போம், வேலை செய்வதுபோலத் திரையைப் பார்ப்போம். வீட்டுக்குப் போகலாமா என்றால் கூடாது. வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். வியாழன் மாலை நான்கு மணிக்கு மூன்று வேலைகள் சேர்ந்து வரும். மூன்றுமே வெள்ளி காலைக்கு வேண்டும். அன்றிரவு ரோஸ் ஹில்லுக்குப் போகும் கடைசி மெட்ரோவும் போய்விடும். மறுநாள் யாராவது, ‘அதுதான் மூன்று நாள் ஓய்வாக இருந்தீர்களே’ என்பார்கள். கூப்பிடுவார்களோ என்று கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஓய்வு என்று பெயர் வைத்தவர் யாரோ, அவர் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

விளம்பரத் துறை என்றால் அப்படித்தான், வெயிலும் மழையும் போல என்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. எங்களுக்கு நெருக்கடி வரும் மாதங்களை நாள்காட்டி வைத்திருக்கும் எவரும் சொல்லிவிடலாம். ஆண்டுத் தொடக்கத்தில் தைப்பூசக் காவடி, சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி. மார்ச் 12 சுதந்திர தினம். பிறகு உகாதி, விநாயகர் சதுர்த்தி, தீபாவளி, நவம்பர் 2 ஒப்பந்தத் தொழிலாளர் வருகை நாள், கிறிஸ்துமஸ். பொது விடுமுறைப் பட்டியல் முன்கூட்டியே வெளியாகிவிடுகிறது; பிறை பார்த்து முடிவாகும் ஈத் ஒன்றுதான் கடைசி வரை காத்திருக்கும். டிசம்பரில் ஊழியர்கள் கைக்கு ஆண்டிறுதிப் போனஸ் வரும் என்பதால் நவம்பரிலேயே கடைகள் தள்ளுபடிக்குத் தயாராகும். கணக்காண்டு ஜூன் 30இல் முடியும் நிறுவனங்களில், செலவாகாமல் கிடக்கும் விளம்பரப் பணத்தை மே மாதக் கடைசியில் திடீரென்று யாரோ கண்டுபிடிப்பார்கள். இதில் எது எதிர்பாராதது? வேண்டுமானால் புயலைச் சொல்லலாம். அதிலும் பாருங்கள், மூன்றாம் எண் எச்சரிக்கை வந்து அலுவலகத்தை மூடினாலும் மடிக்கணினி வீட்டுக்கு வந்துவிடுகிறது. மின்சாரம் இருக்கிறவரை வேலை உண்டு.

‘ஒரு தீபாவளி வாழ்த்துதானே, விளக்கும் கோலமும் போட்டால் முடிந்தது’ என்று நீங்கள் நினைக்கலாம். அந்த ஒரு வாழ்த்து என் மேசையை விட்டுப் போகும்போது ஒன்றாகப் போவதில்லை. செய்தித்தாளுக்கு ஒரு வடிவம்; நான்கு மைகளில் அச்சாகும் நிறங்களில் அமைக்கவேண்டும். முகநூலுக்கு 1080க்கு 1080 பிக்சல் சதுரம், ஸ்டோரிக்கு 1080க்கு 1920 நெடுக்கு, இணையதளங்களுக்கு 300க்கு 250 கட்டமும் 728க்கு 90 பட்டையும். நெடுஞ்சாலை ஓரத்துப் பெரிய பலகை தனி. சதுரத்தில் அழகாக நின்ற குத்துவிளக்கு அந்தப் பட்டைக்குள் நிற்காது. குத்துவிளக்கைப் படுக்கவைக்க முடியுமா? ஒவ்வொரு வடிவத்துக்கும் படத்தைத் திரும்ப அடுக்கவேண்டும். எல்லாம் முடிந்தபின் உங்கள் அலுவலகத்திலிருந்து, ‘லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்’ என்று ஒரு வரி வரும். அது உங்களுக்கு ஒரு மாற்றம், எனக்கு ஆறு. மறுநாள் உங்கள் நிதி இயக்குநர் பார்த்துவிட்டு, பழைய அளவே நன்றாக இருந்தது என்பார். அவரிடம் முதலிலேயே காட்டியிருந்தால் பன்னிரண்டு மாற்றங்கள் மிச்சம்.

இப்போது சிலர் செயற்கை நுண்ணறிவில் தாங்களே ஒரு படத்தை உருவாக்கி அனுப்புகிறார்கள், ‘இதையே போட்டுவிடுங்கள், ஐந்து நிமிடம்’ என்று. பலகை அளவுக்குப் பெரிதாக்கினால் தெளிவில்லாமல் போகும் படம் அது. மயிலுக்கு மூன்று கால் இருந்ததும் உண்டு.

தமிழில் எழுதுவதன் காரணத்துக்கு வருகிறேன். இந்தத் தீவின் விளம்பரங்கள் பெரும்பாலும் பிரெஞ்சிலும் கிரியோலிலும் ஆங்கிலத்திலும் ஓடுகின்றன. தமிழ் தலைகாட்டுவது காவடிக்கும் பொங்கலுக்கும் தமிழ்ப் புத்தாண்டுக்கும்தான். அப்போது அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் யார் என்று தேடுவார்கள். ஒருவர்தான் இருப்பார். எங்கள் அலுவலகத்தில் அது நான். எந்த வாடிக்கையாளரின் வேலையானாலும் தமிழ் வரி என்றால் என்னிடம் வரும், என் பெயரில் ஏற்கெனவே இருக்கும் வேலையோடு சேர்ந்து. நாங்கள் பயன்படுத்தும் அடோபி மென்பொருள்களில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பு தன் எழுத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய்விடும். கொ, கோ போன்ற எழுத்துகள் சிதறிவிடும். இது தெரியாத ஒருவர் அவசரத்தில் ஒட்டிய வரியை அச்சுக்குப் போகும் முன் பிடித்து நிறுத்துவதும் என் வேலைதான். அதற்கென்று எந்த அட்டவணையிலும் நேரம் ஒதுக்கப்படுவதில்லை.

1998இல் புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கும் இந்திக்கும் இருந்த வரிசை மாறியபோது நம் சமூகம் எதிர்த்தது. அந்த நோட்டுகளே திரும்பப் பெறப்பட்டன. வரிசை மாறியதற்கே அவ்வளவு பொங்கிய நம்மவர்களில் சிலரின் சொந்தக் கடைப் பலகையில் கொம்பு ஒடிந்து தொங்குகிறது. மொழிப்பற்று இல்லாமல் அல்ல. அந்த வரி முந்தைய நாள் மாலை ஆறு மணிக்கு வந்தது, அவ்வளவுதான். காவடிக்கு விரதம் இருக்கிறவர்கள் எங்கள் துறையிலும் இருக்கிறார்கள். கோர் தெ கார்த் மலைக் கோயிலுக்குக் காவடி ஏறும் நாளில் அவர்கள் கைப்பேசியில் ‘ஒரு சின்னத் திருத்தம்’ வந்து விழுகிறது. காவடி வாழ்த்து வரைகிறவரைக் காவடி எடுக்க விடுங்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தொழிலாளர் உரிமைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்கிறது. அதற்கு மேல் செய்தால் ஒன்றரை மடங்கு ஊதியம், பொது விடுமுறை நாளில் இரு மடங்கு. ஆனால் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் திருத்தம் எந்தப் பதிவேட்டில் ஏறும்? எங்கள் முதலாளிகளும் இதில் குற்றமற்றவர்கள் அல்லர். வாடிக்கையாளர் கையைவிட்டுப் போய்விடுவாரோ என்ற பயத்தில் எதற்கும் முடியாது என்று சொல்வதில்லை. வேகமாக வரைகிறவருக்கே அடுத்த அவசரத்தையும் கொடுப்பார்கள். மெதுவாகச் செய்கிறவர் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போகிறார், வேகமாகச் செய்கிறவர் நள்ளிரவில் போகிறார், இருவருக்கும் சம்பளம் ஒன்றுதான். இதைப் பார்த்துப் பார்த்து வேகமானவர்களும் மெதுவாகிவிட்டார்கள். அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனாலும் இதன் வேர் உங்கள் பக்கம் இருக்கிறது என்பேன். கணக்குப் பாருங்கள். செய்தித்தாளில் பக்கம் முடிக்கும் நேரம் தாண்டினால் உங்கள் விளம்பரம் வராது. அதனால் அந்த நேரத்தை மதிக்கிறீர்கள். அச்சகம் இரவு வேலைக்குத் தனிக் கட்டணம் கேட்டால் ஒருமுறை யோசிக்கிறீர்கள். சாலையோரப் பலகைக்கு மாதக்கணக்கில் முன்பதிவு செய்கிறீர்கள். இந்த வரிசையில் மூடும் நேரமும் கட்டணமும் இல்லாத ஒரே இடம் வரைகிறவரின் மேசை. மற்ற எல்லா இடத்திலும் நீங்கள் தவறவிட்ட நாட்கள் அங்கே வந்து சேருகின்றன. அவசரம் உங்களுக்கு இலவசமாகக் கிடைக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை எந்த வணிகர்தான் சிக்கனமாகச் செலவழிப்பார்?

ஆகவே அதற்கு ஒரு விலை வையுங்கள் என்று உங்களையே கேட்கிறேன். எங்கள் நிறுவனங்கள் தாமாகக் கேட்கமாட்டா. முதலில் கேட்கிற நிறுவனம் உங்களை இழந்துவிடும் என்று பயப்படும். அடுத்த ஒப்பந்தத்தில் நீங்களே ஒரு வரி சேர்க்கலாம்: மூன்று வேலை நாட்களுக்குக் குறைவான நேரத்தில் கேட்கும் வேலைக்குக் கூடுதல் கட்டணம், அந்தக் கூடுதல் வரைந்தவரின் சம்பளத்தில் சேரவேண்டும். உங்கள் விளம்பர அலுவலர் அந்தக் கட்டணத்துக்கு உங்களிடம் கையெழுத்து வாங்க வரும்போது, ‘போன மாதமே ஏன் சொல்லவில்லை’ என்று நீங்கள் கேட்பீர்கள். இப்போது அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

திருத்தங்களைத் துண்டு துண்டாக அனுப்பாமல், முடிவெடுக்கும் எல்லோரும் பார்த்தபின் ஒரே தாளில் அனுப்பச் சொல்லுங்கள். இதற்குப் பணமே செலவில்லை. வேலை இல்லாத நாட்களில் எங்களை வீட்டுக்கு அனுப்பவேண்டும் என்று உங்களிடம் கேட்க முடியாது, அதை எங்கள் முதலாளிகளிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். ஆனால் அந்த வெறும் நாட்களுக்கு நீங்கள் வேலை தரலாம். காவடியும் தீபாவளியும் எந்தத் தேதி என்று இன்றே தெரியும். இரண்டுக்கும் உரிய குறிப்பை ஆறு வாரத்துக்கு முன் அனுப்பினால், ஒரு வெறும் செவ்வாய்க்கிழமையில் ஐந்து மணிக்குள் முடித்துத் தந்துவிடுவேன். தமிழ் வரியை மட்டும் தமிழில் தட்டச்சு செய்து அனுப்புங்கள். ரோமன் எழுத்தில் வேண்டாம். ல, ள, ழ எது என்று கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு அழைத்தால், தொலைபேசியை எடுப்பவருக்கும் தெரிவதில்லை.

இப்படிக்கு,
ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு வரைகலைஞர்